இரண்டாவது நெட், வேறு பாடத்தில்: 1,150 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான யூஜிசி நெட்டை ஒரு பாடத்தில் எழுதியவர் அடுத்த முறை இன்னொரு பாடத்தில் எழுதலாமா? எழுதலாம். எத்தனை முறை என்பதற்கு வரம்பு இல்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது உச்சவரம்பும் இல்லை. கதவு இவ்வளவு அகலமாகத் திறந்து கிடப்பதால்தான் பலர் யோசிக்காமல் நுழைந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் தொடங்கிச் சான்றிதழ் வரை இந்தத் தேர்வை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறை பாடம் மாற்றி எழுதுகிறவருக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே எடைபோடுகிறோம். முதல்முறை எழுதுகிறவருக்கான அறிமுகம் வேறு இடத்தில் ஏராளமாகக் கிடைக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிய பாடத்தில் முதுகலைப் பட்டம் கையில் இருந்தாலோ, கடைசி ஆண்டில் இருந்தாலோ, இந்தச் செலவு வீண் போகாது. பட்டம் இல்லாமல், "அந்தப் பாடத்துல கட் ஆஃப் கம்மியாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாறுவது ஆறு மாத உழைப்பைக் கிணற்றில் போடுவதற்குச் சமம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

தேர்வு கேட்காத கேள்வியைக் கல்லூரி கேட்கும்

விண்ணப்பம் நிரப்பும்போது முதுகலைப் பாடம் என்ன, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பார்கள். நீங்கள் நிரப்புவதை, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையான என்டிஏ அந்தக் கட்டத்தில் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஹால் டிக்கெட் வந்துவிடும், எழுதிவிடலாம், தேறியும்விடலாம். "ஹால் டிக்கெட்டே வந்துருச்சு, அப்ப தகுதி இருக்குன்னுதானே அர்த்தம்" என்று எண்ணுவதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை. தகுதியைச் சரிபார்ப்பது வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே உங்கள் முதுகலைப் பட்டத்தையும் நெட் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அறிவிக்கையில் உள்ள வாசகம் இதுதான் சொல்கிறது: முதுகலையில் படித்த பாடத்திலேயே எழுதுங்கள், அந்தப் பாடம் பட்டியலில் இல்லாவிட்டால் தொடர்புடைய பாடத்தில் எழுதலாம். 2024 டிசம்பர் சுற்றில் பட்டியலில் 85 பாடங்கள் இருந்தன. விஷுவல் கம்யூனிகேஷன் முடித்தவர் இதழியல் மற்றும் மக்கள் தகவல் தொடர்பியலில் எழுதுவது இந்த வாசகத்துக்குள் வரும். வரலாறு முடித்தவர் பொது நிர்வாகத்தில் எழுதுவது வராது, ஏனென்றால் வரலாறு பட்டியலிலேயே இருக்கிறது.

பணி நியமனத்துக்கு அடிப்படையான யூஜிசியின் 2018 ஒழுங்குமுறை, சம்பந்தப்பட்ட அல்லது அதோடு இணைந்த பாடத்தில் 55 சதவீதத்தோடு முதுகலை, அதற்கு மேல் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. 2025 ஜனவரியில் யூஜிசி வெளியிட்ட வரைவு ஒழுங்குமுறை இதைத் தளர்த்தி, பட்டம் எதில் இருந்தாலும் நெட் தேறிய பாடத்தில் பணியாற்றலாம் என்ற பாதையை முன்வைத்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாடம் மாற்றக் கிளம்பியவர்கள் பலர். வரைவு என்பது வரைவுதான். அரசிதழில் வந்த விதி எது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேலைக்கான விளம்பரத்தில் எந்த ஒழுங்குமுறையைக் குறிப்பிடுகிறார்களோ அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

55 சதவீதம் என்றால் 55 சதவீதம். 54.8 ஐ 55 ஆகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முழுமையாக்கல் கிடையாது என்று அறிவிக்கையே சொல்கிறது. கிரீமிலேயரில் வராத ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 50 சதவீதம். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் இரண்டாவது முதுகலை முடித்தவர்கள் இங்கேதான் அதிகம் இடறுகிறார்கள். பட்டம் இருக்கும், வகுப்பும் இருக்கும், சதவீதம் மயிரிழையில் குறையும். சிஜிபிஏ மட்டும் அச்சிட்ட மதிப்பெண் பட்டியல் என்றால், உங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சூத்திரம் எது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். பத்தால் பெருக்குவது எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது முதுகலையின் கடைசி ஆண்டில் இருப்பவரும் எழுதலாம். நெட் முடிவு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தேவையான சதவீதத்தோடு பட்டம் முடித்திருக்க வேண்டும். ஒரு அரியர் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு ஆண்டு சீக்கிரம் ஓடிவிடும்.

"கட் ஆஃப் கம்மி" என்ற பேச்சு எவ்வளவு உண்மை

பாடம் மாற்றுகிறவர்களில் பெரும்பாலானோர் நம்புவது இது: கூட்டம் குறைந்த பாடத்தில் போட்டி குறைவு. இடங்கள் பிரிக்கப்படும் முறையைப் பார்த்தால் இந்த நம்பிக்கை அவ்வளவாக நிற்காது.

எல்லாருக்கும் பொதுவான பேப்பர் 1, பாடத்துக்குரிய பேப்பர் 2 என்ற இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேர் உதவிப் பேராசிரியர் தகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அந்த மொத்த இடங்களை முதலில் இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பாடவாரியாக. ஒரு பாடத்துக்கு எத்தனை இடம் என்பது, அந்தப் பாடத்தில் அந்தப் பிரிவில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தவர்கள், எல்லாப் பாடங்களிலும் சேர்த்து அந்தப் பிரிவில் குறைந்தபட்சம் எடுத்தவர்களில் எத்தனை பங்கு என்பதை வைத்து முடிவாகிறது. குறைந்தபட்சம் என்றால் பொதுப் பிரிவுக்கு மொத்தத்தில் 40 சதவீதம், அதாவது 300 க்கு 120. ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 35 சதவீதம், அதாவது 105.

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு பிரிவில் எல்லாப் பாடங்களிலும் சேர்த்து ஒரு லட்சம் பேர் குறைந்தபட்சத்தைத் தாண்டுகிறார்கள், அந்தப் பிரிவுக்கு 10,000 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாடம் ஒன்றில் 8,000 பேர் தாண்டினால் அதற்கு 800 இடம். சிறிய பாடம் ஒன்றில் 300 பேர் தாண்டினால் 30 இடம். இரண்டிலும் பத்துக்கு ஒருவர்தான். கூட்டம் குறைந்தால் இடமும் அதே அளவு குறைகிறது.

மாறுவது அந்தப் பத்துப் பேர் யார் என்பதுதான். ஆங்கிலம், வணிகவியல் போன்ற பாடங்களில், எதற்கும் எழுதிப் பார்ப்போம் என்று வருகிறவர்கள் நிறைய. சிறிய பாடங்களில் வருகிறவர் பெரும்பாலும் அதையே ஐந்து ஆண்டு படித்தவர். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவராக நிற்பது, ஆறு மாதம் முன்பு அந்தப் பாடத்தைக் கையில் எடுத்தவருக்கு எளிதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். கட் ஆஃப் எண் தாழ்ந்திருப்பதற்கு அந்தத் தாள் கடினமாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிசி, எம்பிசி என்று மாநிலச் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே செல்லுபடியாவது மத்திய அரசுப் படிவத்தில், மத்தியப் பட்டியலின்படி வாங்கிய ஓபிசி சான்றிதழ். முதல் முறை எழுதியபோது வாங்கியதையே இப்போதும் காட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள். கிரீமிலேயர் நிலை வருமானத்தைப் பொறுத்தது, எந்த நிதியாண்டுக்கானது என்று அறிவிக்கையில் பார்த்துப் புதிதாக வாங்குங்கள். வேலையில் சேர்ந்த பிறகு இரண்டாம் முறை எழுதுகிறவர் தன் நிலை மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய முதலீடு: பேப்பர் 1

பாடம் மாறினாலும் மாறாதது முதல் தாள். 50 கேள்வி, 100 மதிப்பெண். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு ஏற்கெனவே பழகிய இடம். இரண்டாம் முறை எழுதுகிறவருக்கு இந்தத் தேர்வில் கிடைக்கும் ஒரே தள்ளுபடி இதுதான், அதைப் பெரும்பாலோர் வாங்கிக்கொள்வதே இல்லை. புதிய பாடத்தின் பயத்தில் பேப்பர் 1 ஐத் தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு இப்படி. நீங்கள் குறிவைக்கும் கட் ஆஃப் 186 என்று வையுங்கள். பேப்பர் 1 இல் 66 எடுத்தால் பேப்பர் 2 இல் 120 வேண்டும், அதாவது 60 கேள்வி சரி. பேப்பர் 1 இல் 50 மட்டும் என்றால் 136 வேண்டும், 68 கேள்வி சரி. பழகிய தாளில் எட்டுக் கேள்வியை மேலே ஏற்றுவதற்கும், பழகாத பாடத்தில் எட்டுக் கேள்வியைக் கூடுதலாகப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

பத்து அலகு, அலகுக்கு ஐந்து கேள்வி. என்டிஏ தாள்களில் முதல் ஐந்து கேள்வி பொதுவாகத் தரவு அட்டவணையிலிருந்தும், கடைசி ஐந்து ஒரு பத்தியைப் படித்துப் பதில் சொல்வதாகவும் இருக்கும். கால்குலேட்டர் கிடையாது. அட்டவணையில் எல்லா எண்ணையும் துல்லியமாகக் கணக்கிடாமல், விடைகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு என்று பார்த்துத் தோராயமாகப் போட்டால் ஐந்தும் எட்டு நிமிடத்தில் முடியும்.

மறுபடி படிக்க வேண்டிய அலகு எது என்றால், தர்க்க அலகில் உள்ள இந்திய அளவையியல். 2019 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி ஆகிய ஆறு பிரமாணங்களும் (அறிவு பெறும் வழிகள்), வியாப்தியும், ஹேத்வாபாசங்களும் உண்டு. ஆங்கிலக் குறிப்புகளில் இவற்றைப் படித்தால் புரியாத வடமொழிச் சொல் பட்டியலாக நிற்கும். தமிழ் முதுகலை படித்தவர்களுக்கு இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது: மணிமேகலையின் 29 ஆம் காதை வரிசைப்படுத்தும் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகள்தான் அனுமானக் கேள்விகளின் எலும்புக்கூடும். "மலையில் நெருப்பு இருக்கிறது" என்பது பக்கம். "புகை இருப்பதால்" என்பது ஏது. "அடுக்களை போல" என்பது திட்டாந்தம். புகை இருக்கும் இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கும் என்ற பிரியாத தொடர்பே வியாப்தி. ஏதுவில் குறை வந்தால் அது ஹேத்வாபாசம். இந்த ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே பாதிக் கேள்விகளைப் பிரித்துவிடலாம்.

புதிய பாடத்தின் பேப்பர் 2

100 கேள்வி, 200 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு தாளும் ஒரே அமர்வில், இடைவேளை இல்லாமல். கேள்விக்கு 72 நொடி. எதிர்மறை மதிப்பெண் கிடையாது.

எந்தப் பாடத்துக்கு மாறுவது எளிது என்பது, பழைய பாடத்தின் பாடத்திட்டம் புதியதோடு எத்தனை அலகில் உரசுகிறது என்பதைப் பொறுத்தது. இதைக் கேள்விப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு பாடத்திட்டத்தையும் இறக்கிப் பக்கத்தில் வைத்து அலகு அலகாகக் கோடு போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

அரசியல் அறிவியலின் பத்து அலகில் கடைசி இரண்டு பொது நிர்வாகமும், இந்தியாவில் ஆளுகையும் பொதுக் கொள்கையும். ஆகவே பொது நிர்வாகத்தில் எழுதியவர், இரண்டாவது முதுகலையாக அரசியல் அறிவியல் முடித்திருந்தால், இருபது கேள்வி அளவுக்குக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார். மிச்சம் எட்டு அலகில் அரசியல் சிந்தனையும் பன்னாட்டு உறவும் புதிதாகப் படிக்க வேண்டிய பெரும் பகுதி.

எம்பிஏ முடித்து மேலாண்மையில் எழுதியவர், பிறகு எம்காம் முடித்து வணிகவியலுக்கு வந்தால், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், புள்ளியியல் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. அடி விழுவது வணிகச் சட்டத்திலும் வருமான வரியிலும். மனிதவளத்தில் சிறப்புப் பிரிவு எடுத்த எம்பிஏக்காரர்கள், மேலாண்மைக்கு 17, தொழிலாளர் நலன் மற்றும் மனிதவளத்துக்கு 55 என்று தனித்தனிப் பாட எண் இருப்பதைக் கவனிக்காமலேயே போய்விடுவதும் உண்டு.

தமிழிலிருந்து மொழியியலுக்குப் போகிறவர்கள் ஒன்றை எடைபோட வேண்டும். தமிழ்ப் பாடத்தின் பேப்பர் 2 தமிழில் வரும். மொழியியல் தாள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். ஒலியனியலும் உருபனியலும் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அந்நியம் அல்ல. ஆனால் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் மறுபடி கற்க வேண்டும். அதற்கு மட்டும் ஒன்றரை மாதம் தனியாக ஒதுக்குங்கள்.

அறிவியல் பாடங்களுக்குக் கடையே வேறு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியல், புவி அறிவியல் ஆகிய ஐந்தும் சிஎஸ்ஐஆர்-யூஜிசி கூட்டு நெட் என்ற தனித் தேர்வில். அங்கே எதிர்மறை மதிப்பெண் உண்டு. வினாத்தாள் அமைப்பும் முற்றிலும் வேறு. கணினி அறிவியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் யூஜிசி நெட்டில் இருக்கின்றன. ஆகவே வேதியியலில் சிஎஸ்ஐஆர் எழுதிவிட்டுச் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டத்தோடு இங்கே வருகிறவருக்குப் பேப்பர் 1 தள்ளுபடி கிடைக்காது. அவருக்கு இது புதுத் தேர்வு.

வினா வடிவத்தைப் பற்றி ஒன்று. நேரடிக் கேள்விகளை விட, ஐந்து கூற்று கொடுத்து எவை சரி என்று கேட்பது, பொருத்துவது, கால வரிசைப்படுத்துவது, கூற்றும் காரணமும் ஆகியவைதான் பேப்பர் 2 இல் ஆட்சி செய்கின்றன. புதிய பாடத்தில் அரைகுறையாகத் தெரிந்தவருக்கு உண்மையில் இது சாதகம். வணிகவியலில் இப்படி ஒரு கேள்வி வருவதாக வையுங்கள்: ஒப்பந்தச் சட்டம், மாற்றுமுறை ஆவணச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம், போட்டிச் சட்டம், நிறுவனங்கள் சட்டம் ஆகியவற்றைக் கால வரிசையில் அடுக்குக. ஒப்பந்தச் சட்டம் 1872, எல்லாவற்றுக்கும் மூத்தது. நிறுவனங்கள் சட்டம் 2013, எல்லாவற்றுக்கும் இளையது. இந்த இரண்டு மட்டும் தெரிந்தாலே நான்கு விடையில் பெரும்பாலும் இரண்டு கழன்றுவிடும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, சரக்கு விற்பனைச் சட்டம் 1930. இதில் முன்னது எது என்று தெரிந்தால் முடிந்தது. ஐந்து ஆண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முனையில் இருப்பவற்றைப் பிடித்தால் போதும். புதிய பாடத்தைப் படிக்கும்போதே இந்தக் கண்ணோடு குறிப்பெடுங்கள்.

விண்ணப்பத் தளம்

நன்றாக இருப்பது: முழுவதும் இணையத்தில், வீட்டிலிருந்தே முடியும். கட்டணம் அண்மைச் சுற்றுகளில் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கும் ஓபிசிக்கும் 600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 325. பரிவர்த்தனைக் கட்டணமும் வரியும் தனி.

சரியில்லாதது: கடைசி இரண்டு நாளில் தளம் திணறும். கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், உறுதிப்படுத்தல் பக்கம் வந்திருக்காது. அந்தப் பக்கம் வராவிட்டால் விண்ணப்பம் முடியவில்லை என்றுதான் பொருள். வங்கிக் குறுஞ்செய்தி ஆதாரம் ஆகாது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான். "ரெண்டு பாடத்துலயும் போட்டு வைப்போம், எது தோதோ அதை எழுதுவோம்" என்று இரண்டு அனுப்பினால் இரண்டும் போகும் அபாயம் உண்டு. ஆகவே பழைய பாடத்தில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்கான முயற்சியும் புதிய பாடத்தில் தகுதியும் ஒரே சுற்றில் நடக்காது. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு சுற்று இருப்பதால் ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் வைக்கலாம்.

பாட எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியலில் விரல் வழுக்குவது சாதாரணம். கணினி அறிவியல் 87, மின்னணு அறிவியல் 88, சுற்றுச்சூழல் அறிவியல் 89, மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். திருத்தச் சாளரம் திறப்பார்கள், ஆனால் எல்லாப் புலத்தையும் திறக்க மாட்டார்கள். அதை நம்பி முன்னால் போகாதீர்கள்; முன்னோட்டப் பக்கத்தை ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் விரிந்து, இரண்டாவது முதுகலைச் சான்றிதழில் இனிஷியலே இல்லாமல். முதல் நெட் சான்றிதழில் உள்ள பெயர் எந்த வடிவம் என்று எடுத்துப் பாருங்கள். இரண்டு சான்றிதழிலும் ஒரே வடிவம் வருவது பின்னாளில் பெரிய நிம்மதி. ஆதாரைத் திருத்துவதானால் அறிவிக்கை வருமுன்பே திருத்துங்கள்.

மூன்று பிரிவுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? 2024 ஜூன் சுற்றிலிருந்து மூன்று நிலை: ஜேஆர்எஃப்போடு உதவிப் பேராசிரியர் தகுதி; ஜேஆர்எஃப் இல்லாமல் உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும்; முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். தகுதிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. முனைவர் சேர்க்கைக்கான மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும். பின்னிரண்டு நிலைகளில் தேறியவர்களுக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை. ஜேஆர்எஃப் கேட்பதானால் வயது 30 ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பெண்களுக்கும், கிரீமிலேயரில் வராத ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கும் 5 ஆண்டு தளர்வு. பெண், ஓபிசி இரண்டும் என்பதற்காக 10 ஆண்டு ஆகாது. உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, பிறகு எஸ்ஆர்எஃப் (மூத்த ஆய்வாளர்) நிலையில் 42,000. இரண்டாவது முதுகலை முடித்துவிட்டு வருகிறவர்கள் முப்பதை நெருங்கி நிற்பார்கள் என்பதால், இந்தத் தேதிக் கணக்கைப் பாடத் தேர்வுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

படிப்பதற்கு என்ன, கோச்சிங் தேவையா

இலவசமாகக் கிடைப்பதே போதும் என்பது எங்கள் கருத்து. இக்னோவின் முதுகலைப் பாடநூல்கள் இ-ஞானகோஷில் முழுவதும் இருக்கின்றன. இ-பிஜி பாடசாலையில் பாடவாரியாக எழுத்துப் பாடங்கள். என்டிஏ தளத்தில் முந்தைய வினாத்தாள்கள். தமிழ்ப் பாடத்துக்கு வருகிறவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்கள்.

கட்டண வகுப்புகளில் பேப்பர் 1 உம் பேப்பர் 2 உம் சேர்த்த தொகுப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். இரண்டாம் முறை எழுதுகிறவருக்கு பேப்பர் 1 பகுதி தேவையில்லை. பேப்பர் 2 மட்டும் தனியாகக் கேளுங்கள். பணம் தருவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அவர்களுடைய குறிப்புகள் 2019 பாடத்திட்டத்தின் பத்து அலகு வரிசையில் இருக்கிறதா, மூன்று தாள் இருந்த காலத்துக் குறிப்பைத் தலைப்பு மாற்றிக் கொடுக்கிறார்களா? மூன்றாம் தாள் 2018 ஜூலையிலேயே போய்விட்டது. பழைய குறிப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறது. இரண்டாவது, வகுப்பில் பாடம் நடத்துகிறவர் அந்தப் பாடத்துக்காரரா? பேப்பர் 1 நன்றாக நடத்துகிறவர் சமூகவியலும் கல்வியியலும் சேர்த்து நடத்தினால் ஒதுங்கிவிடுங்கள்.

காலம்: புதிய பாடத்துக்கு அலகுக்கு இரண்டு வாரம், பழகிய அலகுகளுக்கு நான்கு நாள். கடைசி மூன்று வாரம் பழைய தாள்களை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பார்க்க. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பேப்பர் 1 க்கு, முதல் நாளிலிருந்தே.

தேர்வு நாள்

திரையில் நிறங்களைப் புரிந்துகொள்வது பாதி நிம்மதி. சாம்பல், இன்னும் திறக்காத கேள்வி. சிவப்பு, திறந்து பதில் சொல்லாமல் விட்டது. பச்சை, பதில் சேமித்தது. ஊதா, பிறகு பார்ப்பதற்குக் குறித்தது. ஊதாவில் சிறு பச்சைப் புள்ளி இருந்தால், பதிலும் உண்டு, அது மதிப்பீட்டுக்கும் போகும். விடையைத் தொட்டுவிட்டு "சேவ் அண்ட் நெக்ஸ்ட்" அழுத்தாமல் வலப்பக்க எண்ணைத் தொட்டு அடுத்த கேள்விக்குத் தாவினால் பதில் சேமிக்கப்படாது. எத்தனை முறை எழுதியவர்களும் செய்யும் பிழை இது.

பேப்பர் 1 க்கு 60 நிமிடம், பேப்பர் 2 க்கு 105 நிமிடம், மீதி 15 நிமிடம் சிவப்புகளைப் பச்சையாக்க. புதிய பாடத்தில் தெரியாத கேள்வி 30 இருந்தாலும் எதையும் காலியாக விடாதீர்கள். கண்ணை மூடிக் குறித்தாலே சராசரியாக ஏழெட்டு விழும். அது 15 மதிப்பெண்.

நம்பகத்தன்மையில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தர முடியாது. 2024 ஜூன் 18 அன்று நடந்த தேர்வு மறுநாளே ரத்தாகி, ஆகஸ்ட், செப்டம்பரில் கணினி வழியில் மறுபடி நடந்தது. 2025 ஜனவரி 15 அன்று பொங்கலில் வைத்த தேர்வை எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைத்தார்கள். வேலையில் இருப்பவர்கள் விடுப்பை ஒரே நாளில் கொட்டிவிடாமல் ஒன்றிரண்டு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவுக்குப் பிறகு

தற்காலிக ஆன்சர் கீயோடு உங்கள் பதில் தாளும் வரும். மறுப்புத் தெரிவிக்கக் கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது. பேப்பர் 2 இல் உங்களுக்குத் தெரிந்த பழைய பாடப் பகுதியோடு உரசும் கேள்விகளில் மட்டும், பாடநூல் பக்கத்தோடு மறுப்புப் போடுங்கள். ஒரே பாடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வில் நடத்தியிருந்தால் மதிப்பெண் அப்படியே போகாது, சதமானமாக இயல்பாக்கப்படும். ஆகவே பதில் தாளை வைத்துப் போடும் கணக்கு தோராயம்தான்.

மாநிலத்துக்குள் மட்டும் வேலை தேடுகிறவர் செட் தேர்வையும் பார்க்கலாம். 2025 மார்ச்சில் தமிழ்நாடு செட்டை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தியது. அது இந்த மாநிலத்துக்கு மட்டும் செல்லும். பட்டமும் பாடமும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையில் அங்கேயும் தளர்வு இல்லை.

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது, புதிய பாடத்து முதுகலையின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், பட்டமளிப்புச் சான்றிதழ், தொலைநிலைக் கல்வி என்றால் அந்த ஆண்டுக்கான யூஜிசி அங்கீகார நகல், பட்டத்தின் பெயரும் நெட் பாடத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் இணையானவை என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை நகல், இவற்றோடு இரண்டு நெட் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். விண்ணப்பித்த பணியிடம் எந்தப் பாடத்துக்கோ, அந்த நெட் மேலே இருக்கட்டும்.